உபயோகமான வெளிச்சம்

உபயோகமான வெளிச்சம் ராத்திரி பத்து மணி வரைக்கும்தான் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ, அவனைக் கொண்டுபோய் ஈட்டிமூட்டில் ஒரு ராத்திரி படுக்க வைக்க வேண்டும். அவனுக்கு முன்னால் என்னைப் படுக்க வைக்க வேண்டும். அவன் எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து கேள்விப் பாரம் தயாரித்தவன். விளக்கைப் பூட்டியது நான்.

என் பெயர் ராகேல். வீடு பாறசாலையில். வேலை கழக்கூட்டத்தில் ஒரு ஆய்வு நிறுவனத்தில். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு டேப்லெட்டில் பதிவு செய்வேன். பதினாறு வருஷமாக இதே பிழைப்பு. கக்கூஸ் கணக்கு எடுத்திருக்கிறேன், கொசுவலைக் கணக்கு எடுத்திருக்கிறேன், தாய்ப்பால் கணக்குக்கூட எடுத்திருக்கிறேன். "உனக்க வாய்க்கு ஒரு மீட்டர் வச்சா அந்த மீட்டரு எரிஞ்சு போவும்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஈட்டிமூட்டுக்கு என்னை அனுப்பியதும் அந்த வாயால்தான். அங்கே இருப்பவர்கள் மலையில் வாழும் காணிக்காரர்கள். அவர்கள் பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். என் பேச்சும் அந்த லட்சணம்தானே.

கோட்டூர் தாண்டி, காட்டுச் செக்போஸ்ட் தாண்டி, ஜீப்பில் ஒன்றரை மணி நேரம் குலுங்கிப் போக வேண்டும். அதற்கப்புறம் நடை. முப்பத்தொரு வீடு. காட்டுக்குள் கரண்டு கம்பி இழுக்க அனுமதி இல்லை. அதனால் போன வருஷம் வீட்டுக்கு ஒரு சோலார் கிட் வைத்தார்கள். கூரையில் இரண்டு பேனல், உள்ளே ஒரு பேட்டரி, சுவரில் கண்ட்ரோலர் என்று ஒரு சின்னப் பெட்டி, நாலு பல்பு, போன் சார்ஜ் செய்ய ஒரு இடம். ஒரு வருஷத்துக்குச் சோதனை. பணம் கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: போட்ட காசுக்கு இது பிரயோஜனமா?

அதைக் கண்டுபிடிக்கிற கணக்கு குழந்தைக்குக்கூடப் புரியும். மொத்தச் செலவை உபயோகமான யூனிட்டால் வகுக்க வேண்டும். ஒரு யூனிட்டுக்கு முப்பத்திரண்டு ரூபாய்க்குக் கீழே வந்தால் ஊர் தேறும். மேலே போனால் கிட்டை எல்லாம் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடுவார்கள். சனியன் இருந்தது "உபயோகமான" என்ற அந்த ஒரு சொல்லில்தான்.

பாரத்தில் பதினாலாவது கேள்வி: வெளிச்சத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? படிப்புக்கு ஒன்று. சமையலுக்கு இரண்டு. தொழிலுக்கு மூன்று. இப்படிப் போய்க் கடைசியில் மற்றவை, ஒன்பது. ஒன்பது போட்டால் அந்த வெளிச்சம் கணக்கில் பூஜ்யம். பத்து மணிக்கு மேல் எரிகிறதெல்லாம் தானாகவே ஒன்பதில் விழும்.

முப்பத்தொன்றாம் வீடு பிந்துவினுடையது. காட்டு ஓரமாக நடந்து நான்தான் வீடுகளுக்கு எண் போட்டேன். இருபத்துமூன்றிலிருந்து முப்பத்தொன்று வரை ஒன்பது வீடுகள் காட்டை ஒட்டியே வரிசையாக இருக்கின்றன. அதில் கடைசி வீடு அவளுடையது. அதற்கப்புறம் மரச்சீனித் தோட்டம், ஒரு சக்கை மரம், பிறகு காடு. மரவள்ளிதான் எங்களுக்கு மரச்சீனி, பலாதான் சக்கை. பிந்துவுக்கு வயது முப்பத்தொன்று இருக்கும். இரண்டு பிள்ளைகள். புருஷன் ஷிபின் கழக்கூட்டத்தில் ஃபிளாட் கட்டுகிற இடத்தில் கம்பி வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவான்.

முதல் தடவை நான் போனபோதே அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஒரு பல்பு தொங்கியது. கிட்டில் அப்படி ஒரு பல்பே கிடையாது.

"இது ஆரு வச்சது?"

"அவரு வச்சது சேச்சி. ராத்திரி பூரா எரியும். கொம்பன் வராம இருக்கதுக்காக்கும்."

மூன்று வருஷம் முன்னால் அவள் மாமனாரை யானை அடித்துக் கொன்றது அந்த மரச்சீனித் தோட்டத்தில்தான். அதற்கப்புறம் தினமும் விறகு மூட்டி, தகரம் தட்டி, தூக்கம் கெட்டு இருந்தார்கள். விளக்கு வந்த பிறகு எட்டு மாதமாக யானை தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. வெளிச்சத்தைக் கண்டால் காட்டு ஓரத்தில் நின்று தும்பிக்கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று சொன்னாள். அதைப் பார்த்து மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் விளக்கு வைக்க ஆசைப்பட்டார்கள். பல்பும் ஒயரும் வாங்கச் சாலைக் கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த பிச்சைக்கனி அண்ணாச்சி கடைக்கு ஷிபினைக் கூட்டிப் போனது நான்தான். பேரம் பேசியதும் நான்தான். எனக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் பாரத்தில் யானைக்கு எண் இல்லை. நான் ஒன்பது போட்டேன்.

பிந்து எனக்குப் பிடித்துப்போனவள். போகிற போதெல்லாம் ஏதாவது தின்னக் கொடுப்பாள். இந்த இடவ மாதம், அதாவது வைகாசியில், போனபோது சக்கை வெட்டிக் கொடுத்தாள். தேன் வரிக்கை ரகம். என் வாழ்நாளில் அப்படி ஒன்று தின்றதில்லை.

"கொள்ளாமே பிந்து! இத்தன நாளா இத எங்கே ஒளிச்சு வச்சிருந்த?"

சிரித்தாள். "போன வருஷம் வரைக்கும் பிஞ்சிலேயே வெட்டிப் போட்டிருவோம் சேச்சி. பழுத்தா மணம் போவும். மணம் போனா அவன் வருவான். இந்த வருஷம் லைட்டு உண்டே, அதான் மரத்திலே விட்டோம். பிள்ளையளு முதல் தடவையா மரத்திலே பழுத்தத தின்னுது."

நிமிர்ந்து பார்த்தேன். மரத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு தொங்கின. வரிசையில் இருந்த ஒன்பது வீட்டிலும் அப்படித்தான் விட்டிருந்தார்கள்.

அந்த வாரம் ஆபீசில் விபின் சார் என்னைக் கூப்பிட்டார். முப்பது வயதுப் பையன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், ஆனாலும் சார்தான். நல்ல மனுஷன். களத்துக்குப் போகிறவர்களுக்கு மழைக்கோட்டு வாங்கித் தர மேலிடத்தோடு சண்டை போட்டவர்.

"சேச்சி, ஈட்டிமூடு தோற்றுப் போகும் போல இருக்கு" என்றார். கம்ப்யூட்டரில் முப்பத்தேழு ரூபாய் என்று சிவப்பில் நின்றது. "இந்த ஒம்பது வீடுதான் பிரச்சினை. ராத்திரி முழுக்க எரிச்சு பேட்டரியைக் காலி பண்றாங்க. அஞ்சு வருஷம் ஓட வேண்டிய பேட்டரி மூணு வருஷத்தில் போயிரும். அதுவும் உபயோகம் இல்லாத வெளிச்சத்துக்கு."

"உபயோகம் இல்லாமலா சாரே? யானைக்காக்கும் அது."

"எனக்குப் புரியுது சேச்சி. பாரத்தில் அதுக்கு இடம் இல்லையே. மதிப்பு போடணும்னா ஒரு யானை வராததுக்கு எவ்வளவு ரூபாய்னு போடறது? நடக்காத ஒண்ணை எப்படி அளக்கறது?"

வாயை மூடிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை; என்ன செய்யலாம் என்று நான்தான் கேட்டேன். அவர் வழி சொன்னார். கடைசி அளவு பதினாலு ராத்திரி நடக்கும். அந்தப் பதினாலு ராத்திரியும் வெளி விளக்கைப் பத்து மணிக்கு அணைத்தால் எண் இருபத்தொன்பதுக்கு இறங்கும். ஊர் தேறும். அதற்கப்புறம் அவர்கள் இஷ்டம்போல் எரித்துக்கொள்ளட்டும்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. முப்பத்தொரு வீடு இருட்டில் போவதைவிட ஒன்பது வீடு பதினாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாமே. பரீட்சைக்கு முன்னால் பிள்ளைக்குத் தலை சீவிவிடுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது வீட்டிலும் டைமர் வைத்தேன். எட்டு வீட்டில் முனகிக்கொண்டே சம்மதித்தார்கள். பிந்து மட்டும் கண்ட்ரோலர் பக்கத்தில் நின்றுகொண்டு நகரவில்லை.

"சேச்சி, சக்கை பழுத்துக் கிடக்கு. இப்பமா லைட்ட அணைக்கது?"

"பதினாலு நாளுதான் மக்களே. பழையபடி விறகு மூட்டு. இல்லாட்டி ஒரேயடியா எல்லாத்தையும் கழத்திட்டுப் போயிருவாங்க. பிள்ளையளு எதிலே படிக்கும்?"

"அவரும் இங்கே இல்ல."

"நான் இருக்கேன்லா? எனக்க நம்பர் உனக்கிட்ட இருக்கு."

அந்த நம்பரால் என்ன பிரயோஜனம்? ஈட்டிமூட்டில் போன் எடுப்பது அங்கன்வாடி மேட்டில் மட்டும்தான். அதுவும் வானம் மனசு வைத்தால்தான். சொல்லும்போது எனக்கே அது தெரியும். இருந்தாலும் சொன்னேன். அவள் "சேச்சி சொன்னா செரி" என்று விலகினாள்.

டைமரை யாராவது பொத்தானை அழுத்தி மாற்றிவிட்டால் அளவு கெட்டுவிடும். அதற்காக ஒரு பூட்டு உண்டு. நாலு இலக்க எண் போட்டால்தான் திறக்கும். போன மாதம் வேறு ஊரில் ஆளாளுக்கு மாற்றிவிட்டார்கள் என்று விபின் சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பூட்டினேன். எண்ணைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பெட்டிகளில் பதிவாகிறதெல்லாம் அங்கன்வாடிக் கூரையில் இருக்கிற ஒரு கருவிக்குப் போகும். அது தினமும் காலை ஆறு மணிக்கு எங்களுக்கு அனுப்பிவிடும். எவ்வளவு வெயில் பிடித்தது, எவ்வளவு எரிந்தது, யாராவது பூட்டைத் திறக்கப் பார்த்தார்களா, எல்லாம் வரும். பாறசாலையிலிருந்து பஸ் ஏறியதும் போனில் அதைத் திறந்து பார்ப்பது என் வழக்கம்.

முதல் இரண்டு நாள் சுத்தம். பத்து மணிக்கு ஒன்பது கோடும் தரையைத் தொட்டன. விபின் சார் கட்டை விரல் படம் அனுப்பினார்.

மூன்றாவது ராத்திரி இருபத்துமூன்றாம் வீட்டில் யாரோ பூட்டைத் திறக்கப் பார்த்திருந்தார்கள். ஒரு மணி பத்துக்கு. ஒரே ஒரு தடவை. சும்மா கை துறுதுறுத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். நாலாவது ராத்திரி இருபத்துநாலு. ஐந்தாவது ராத்திரி ஒன்றுமில்லை. ஆறாவது ராத்திரி இருபத்தைந்தும் இருபத்தாறும், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் இருபது நிமிஷம். ஏழாவது ராத்திரி இருபத்தேழு, நாலு தடவை.

எட்டாவது ராத்திரிக்கு மறுநாள் காலையில் இருபத்தெட்டில் ஏழு தடவை என்று வந்தபோது பஸ் நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்துமூன்று, இருபத்துநாலு, இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. நான் காட்டு ஓரமாக நடந்து எண் போட்ட அதே வழி. என் பின்னாலேயே அது நடந்து வருகிறது. கர்த்தாவே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பதாவது ராத்திரிக்கு மறுநாள் அங்கன்வாடி டீச்சர் ரெம்யாவே கூப்பிட்டாள். குரல் விட்டுவிட்டு வந்தது.

"சேச்சி, ஒரு ஒத்தைக் கொம்பன் சுத்துது. தினம் ஒரு வீட்டுச் சக்கையத் தின்னு தீர்க்குது. நேத்து இருபத்தொம்பதாம் வீட்டு அடுக்களைச் சுவரத் தள்ளிருச்சு. மழையிலே விறகும் பிடிக்க மாட்டேங்குது. லைட்டு எப்பம் வரும்னு எல்லாரும் கேக்காங்க."

"பிந்து?"

"பயந்துதான் இருக்கா. சக்கைய வெட்டிப் போடலாம்னு பாத்தா, வெட்ட வெட்ட மணம்தான் கூடுது."

"அவளையும் பிள்ளையளையும் அங்கன்வாடியிலே படுக்கச் சொல்லு ரெம்யா. நான் சொன்னேன்னு சொல்லு. இன்னும் அஞ்சு ராத்திரிதான்."

பிறகு நேராக விபின் சார் மேசைக்குப் போனேன். போனைக் காட்டினேன். அவர் எண்களைப் பார்த்தார். முகம் வெளுத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"இப்ப திறந்தா இதுவரை எடுத்தது எல்லாம் போச்சு சேச்சி. முதல்லேருந்து பதினாலு நாள் எடுக்கணும். அறிக்கை கொடுக்க வேண்டிய தேதி தாண்டிரும். தேதி தாண்டினா ஊர் தானா தோற்றுரும்."

"பதினாலு கண்டிப்பா வேணுமா? ஒம்பது ஆச்சே."

"பதினாலுதான் விதி."

"சாரே, அது ஒவ்வொரு வீடா வருது."

"அவங்க தலைமுறை தலைமுறையா யானையோட இருக்கறவங்க சேச்சி. நம்மளவிட அவங்களுக்குத் தெரியும். பிந்துவை மாறிப் படுக்கச் சொல்லிட்டீங்கல்ல?"

சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போதே கிளம்பியிருந்தால் சாயங்காலம் செக்போஸ்ட் அடைக்கும் முன் போய்ச் சேர்ந்திருப்பேன். பூட்டைத் திறக்க யார் உத்தரவும் எனக்கு வேண்டியதில்லை. எண் என்னிடம் இருந்தது. ஆனால் முப்பத்தொரு வீட்டின் விளக்கும் என் கையில் இருக்கிறது என்று ஒரு பெரிய மனுஷித்தனம் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. போகவில்லை. பத்தாவது ராத்திரி முப்பதாம் வீடு. பதினொரு தடவை. அடுத்த நாள் சாயங்காலம்வரை ரெம்யாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் அலுக்காமல் சொன்னது. பிந்து அங்கன்வாடியில்தானே இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோராவது ராத்திரிக்கு அப்புறமான காலையில், போனைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. பஸ் அமரவிளை தாண்டியதும் திறந்தேன்.

முப்பத்தொன்று. பதினாறு தடவை. இரண்டு மணி ஏழிலிருந்து இரண்டு மணி முப்பத்தொன்று வரை.

நெய்யாற்றின்கரையில் இறங்கி, ஈட்டிமூட்டுக்குப் போகக் காட்டாக்கடை பஸ்ஸைப் பிடித்தேன். உட்கார இடம் கிடைத்தது. பதினாறு தடவையும் என்னென்ன எண் போட்டிருக்கிறார்கள் என்பதும் பதிவில் இருக்கும். சாதாரணமாக அதை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன்.

முதல் மூன்று தடவையும் ஒரே எண். எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று யோசித்தேன். என் போன் நம்பரின் கடைசி நாலு இலக்கம்.

அடுத்தது ஒன்று இரண்டு மூன்று நாலு. அதற்கடுத்து முப்பத்தொன்று முப்பத்தொன்று. நான் கதவில் எழுதிவிட்டு வந்த வீட்டு எண், இரண்டு முறை. பிறகு இரண்டாயிரத்துப் பதினாறு. பிறகு இரண்டாயிரத்துப் பத்தொன்பது. பிள்ளைகள் பிறந்த வருஷம். பாரத்தில் நான்தான் கேட்டு எழுதியது. பிறகு மறுபடியும் என் நம்பர், மறுபடியும் என் நம்பர். இரண்டு முப்பதுக்குப் போட்டதில் இலக்கங்கள் தாறுமாறாக இருந்தன. கடைசித் தடவையில் இரண்டு இலக்கம்தான் இருந்தது. அதற்கப்புறம் எதுவும் இல்லை.

அப்போதுதான் நான் அழ ஆரம்பித்தேன். இன்னும் எனக்கு ஒன்றும் தெரியாது, யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அழுதேன். கண்டக்டர் பையன் டிக்கெட் கேட்காமல் நகர்ந்து போனான்.

அங்கன்வாடி மேட்டை அடைந்தபோது மணி பன்னிரண்டு. ரெம்யா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் இரண்டு பக்கத்திலும் பிந்துவின் பிள்ளைகள், ஆளுக்கொரு பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தின்னாமல் இருந்தன.

"நான் சொன்னேன் சேச்சி" என்றாள் ரெம்யா. "நீங்க சொன்னதா சொன்னேன். பிள்ளையள மட்டும் கொண்டு விட்டா. லைட்டு இல்லாத வீட்டிலே தீக்கு ஆளு வேண்டாமா, நானும் வந்துட்டா வீட்ட ஆரு பாப்பான்னு கேட்டா. அது சரிதானேன்னு நானும் விட்டுட்டேன்."

காலையில் வனத்துறை ஜீப்பில் பிந்துவைக் கொண்டுபோயிருந்தார்கள். அவசரம் ஒன்றும் இல்லாததால் ஜீப் மெதுவாகத்தான் போனது என்று ரெம்யா சொன்னாள்.

அந்த மேட்டில் நிற்கும்போதுதான் என் போன் அடித்தது. விபின் சார். அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் சொன்னார்.

"மேலே பேசிட்டேன் சேச்சி. இனி எடுக்க வேண்டாம். பத்து ராத்திரி டேட்டா மதியாம், அதுவே போதுமாம். முப்பத்தொன்றாம் வீட்டை விட்டுட்டுப் போடச் சொல்றாங்க. போட்டுப் பார்த்தேன். இருபத்தொன்பது வருது. ஈட்டிமூடு தேறியாச்சு."

"பத்து மதியா?"

"சேச்சி..."

"பத்து ராத்திரி மதியா சாரே? இத நேத்து கேட்டிருந்தா நேத்தே சொல்லிருப்பாங்களா?"

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. நாசமாய்ப் போங்க, நானும் உங்களோட நாசமாய்ப் போறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிந்துவின் வீட்டில் அடுக்களைப் பக்கம் முழுவதும் விழுந்து கிடந்தது. மரச்சீனி மிதிபட்டு, சேற்றில் அகலமாகக் குழி குழியாக இருந்தது. அணைந்த விறகு மழையில் ஊறிக் கிடந்தது. சக்கையின் மணம் அந்த இடமெல்லாம் நிறைந்து நின்றது. விளக்குக் கம்பம் மட்டும் சாயாமல் அப்படியே நின்றது. முன்னறைச் சுவரில் கண்ட்ரோலரும் பத்திரமாக இருந்தது. அதன் முன்னால் ஷிபின் நின்றுகொண்டிருந்தான். கழக்கூட்டத்திலிருந்து வந்த உடையிலேயே இருந்தான். காலில் சிமெண்டு காய்ந்து ஒட்டியிருந்தது.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் உள்ளே போனேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"நம்பர் என்ன சேச்சி?"

கம்பெனியிலிருந்து வரும்போதே பெட்டியின் பூட்டுக்கு ஒரு எண் போட்டுத்தான் வரும். களத்தில் நாங்கள் யாரும் அதை மாற்ற மாட்டோம். மாற்றினால் மறந்துபோகும், மறந்தால் பெட்டியையே கழற்ற வேண்டும். எந்தக் கருவி ஆனாலும் இது பதினாறு வருஷப் பழக்கம். திரையில் முதலில் வந்து நிற்பதும் அதே எண்தான். எதையும் தொடாமல் ஓகேயை ஒரே ஒரு தடவை அழுத்தியிருந்தால் போதும், பூட்டு திறந்து விளக்கு எரிந்திருக்கும். ஆனால் பூட்டு என்று நான் சொன்னேனே. பூட்டுக்கு ஒரு சாவி இருக்கும், அதை ராகேல் சேச்சி யோசித்துத்தான் வைத்திருப்பாள் என்று அவள் நம்பினாள்.

"நாலு பூஜ்யம்" என்றேன்.

அவன் பொத்தானை அழுத்தினான். திரையில் நாலு பூஜ்யம் வந்து நின்றது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் அதைப் பார்த்தான்.

"வேற ஒண்ணும் போடண்டாமா?"

"வேண்டாம்."

ஓகேயை அழுத்தினான். பின்பக்கம் இடிந்த சுவர் வழியாக வெளியே பார்த்தோம். பட்டப்பகலில் கம்பத்து உச்சியில் பல்பு எரிந்தது.

"இனி பத்து மணிக்கு அணையாதில்லியா சேச்சி?"

"அணையாது" என்றேன்.